சூரை மீனும் சுருக்குக் கயிறும்

வெளியூர்க் கப்பல் எது எங்கள் மெலாந்தியா துறைக்கு வந்தாலும், இறங்குகிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான். "ஒரு தத்துவ ஞானிய தலைவரா வச்சுப் பாத்த ஊராமே இது? எப்படி இருந்துச்சு?" உடனே எல்லாரும் கையை நீட்டி என் வீட்டைக் காட்டிவிடுகிறார்கள். அந்த ஞானியோடு இருபத்திரண்டு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறவள் நான். பெயர் நிகாரெத்தி. அவர் பெயர் எவாந்தஸ். அவரிடமே கேட்கலாம்தான். ஆனால் அவர் 'ஆட்சி என்றால் என்ன' என்பதிலிருந்து ஆரம்பிப்பார், கேட்டவருடைய கப்பல் போய்விடும். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. என் வீட்டுக்காரருக்கு மீன் வாங்கத் தெரியாது. சந்தைக்கு அனுப்பினால், கெட்டுப்போன மீனை விற்கிறவனிடம் நின்று, கெட்டது என்பது மீனிலேயே இருக்கிறதா அல்லது நம் மூக்கில் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு, கடைசியில் பாவமாக இருக்கிறதென்று அதையே வாங்கிக்கொண்டு வருவார். இப்படிப்பட்ட மனிதர், கோயில் மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டு, ஞானத்தைத் தேடுகிறவர்கள்தான் நாட்டை ஆள வேண்டும் என்று இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஊர் சிரித்தது. நானும் சிரித்தேன். யாராவது ஒருநாள் அதை நம்பித் தொலைப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நம்ப வைத்தது சூரை மீன். வசந்தத்தில் சூரைக் கூட்டம் எங்கள் விரிகுடாவுக்குள் நுழையும். அந்த ஒரே நாள் பிடிப்பில்தான் கடற்கரைக் குடும்பங்கள் வருஷம் முழுக்கச் சாப்பிட வேண்டும். அதனால் யார் முதலில் போவது என்று முப்பது படகும் முட்டி மோதும். அந்த வருஷம் இரண்டு படகு கவிழ்ந்து மூன்று பேர் செத்தார்கள். அதில் ஒருவன் தோவாஸ், வலைத் தலைவர் பிரயோனின் மூத்த மகன், அடுத்த மாதம் கல்யாணம் வைத்திருந்தவன். அதற்குப் பிறகு ஊரில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நாள் வந்தபோது, கடற்கரை ஆளை மலைப்பக்கத்து ஆலிவ் தோட்டக்காரர்கள் ஏற்கவில்லை, மலைப்பக்கத்து ஆளைக் கடற்கரை ஏற்கவில்லை. படகும் இல்லாத, தோட்டமும் இல்லாத ஒரே ஆள் யார் என்று பார்த்தார்கள். என் வீட்டுக்காரர்தான் இருந்தார்.

உண்மையைச் சொல்கிறேன், அவர் ஒன்றும் மோசமாக ஆளவில்லை. ஒரு ஆட்டு வழக்கை மூன்று நாள் கேட்டார். இரண்டு பக்கத்தையும் கேட்டார், பிறகு இரண்டு பேரும் யோசிக்காத மூன்றாவது பக்கத்தை அவரே எடுத்துச் சொன்னார். நான்காம் நாள் வாதியும் பிரதிவாதியும் சேர்ந்து வந்து, "அய்யா, நாங்களே பேசித் தீத்துக்கறோம், எங்கள விட்டுருங்க" என்று காலில் விழாத குறையாகக் கேட்டார்கள். ஊரில் பாதிச் சண்டை இப்படித்தான் தீர்ந்தது. யாரும் அவருக்கு லஞ்சம் கொடுக்க முடியவில்லை. ஒருவர் ஒரு ஜாடி தேன் கொண்டுவந்து வைத்தபோது, இதை ஏன் கொடுக்கிறாய் என்று அவர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியாமல், அந்த ஆள் தேனைத் தூக்கிக்கொண்டு ஓடியே போனார். எனக்குத்தான் வயிற்றெரிச்சல், நல்ல மலைத்தேன் அது.

குளிர்காலத்தில் அவர் சூரைச் சட்டத்தைக் கொண்டுவந்தார். எங்கள் ஊரில் புதுச் சட்டம் கொண்டுவருகிறவர் சும்மா எழுந்து பேச முடியாது. சபை நடுவில் உள்ள கல்லின் மேல் ஏறி, கழுத்தில் சுருக்குக் கயிற்றை மாட்டிக்கொண்டு பேச வேண்டும். இரண்டு பக்கமும் இரண்டு பேர் கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பேசுகிறவர் "சொல்லி முடித்தேன்" என்றதும் அங்கே இருப்பவர்கள் கை தூக்குவார்கள். ஆதரவு அதிகம் என்றால் சட்டம் நிறைவேறும். இல்லையென்றால் அந்த இடத்திலேயே கயிற்றை இழுத்துவிடுவார்கள். பழைய காலத்துப் பேச்சு என்று நினைக்க வேண்டாம். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, கிணற்று முறையை மாற்றலாம் என்று சொன்ன ஒருவரை இழுத்தார்கள். ஏழு கை குறைந்துபோயிற்று. அவர் மனைவி இன்னும் எங்கள் தெருவில்தான் இருக்கிறாள்.

அவர் சட்டம் இதுதான்: விடியலில் கார்த்திகை நட்சத்திரங்கள் தெரிகிற நாளுக்கு முன்னால் ஒரு படகும் சூரைக்குப் போகக் கூடாது. நட்சத்திரம் தெரிந்ததும், சீட்டுக் குலுக்கிய வரிசையில் போக வேண்டும். கிழவர்களிடமெல்லாம் கேட்டு முப்பது வருஷத்து மீன் வரவைக் குறித்துவைத்துப் போட்ட சட்டம். "நாளக் குறிக்கற உரிமைய ஏன் நட்சத்திரத்துகிட்ட குடுத்தீங்க, நீங்களே வச்சுக்கலாமே?" என்று கேட்டேன். "எனக்கப்புறம் வர்றவன் லஞ்சம் வாங்கலாம் நிகாரெத்தி. நட்சத்திரம் வாங்காது" என்றார். அன்றைக்கு அவரைப் பார்த்து எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. சபை ஏகமனதாகக் கை தூக்கியது. கழுத்தில் ஒரு சின்னச் சிராய்ப்போடு, பந்தயத்தில் ஜெயித்தவர் மாதிரி வீட்டுக்கு வந்தார்.

வசந்தம் வந்தது. நட்சத்திரத்துக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. காலையில் நான் பார்லி மாவு பிசைந்துகொண்டிருந்தபோது, பிரயோன் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார்.

"எங்க இருக்கான் தங்கச்சி, உன் வீட்டுக்காரன்? சூர வந்துருச்சு. முனைக்கு வெளிய தண்ணியே கறுத்துக் கெடக்கு."

என் வீட்டுக்காரர் உள்ளிருந்து ஒரு கையில் எழுத்தாணியோடு வந்தார். "வந்திருக்க முடியாதே. இன்னும் ஆறு நாள் இருக்கே."

"அத நீ மீன்கிட்ட போய்ச் சொல்லு, ஞானி. எங்க வீட்டுப் பொம்பளைங்க இப்பவே உப்பு வாங்கி வச்சுட்டாங்க. மதியத்துக்குள்ள உள்ள வந்துரும், நாளைக்கு இருக்காது. நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். அந்தப் பக்கம் திரும்பி நில்லு, போதும்."

அவர் திரும்பி நிற்கவில்லை. உட்கார்ந்துவிட்டார். பிறகு, "நான் தப்பு பண்ணிட்டேன் பிரயோன்" என்றார். ஏதோ கணக்கு ஒன்று சரியாக வந்துவிட்ட மாதிரி, தெளிவாகச் சொன்னார். "ஆனா கண்ண மூடிக்கிட்டு உங்கள அனுப்பிட்டா, அடுத்த வருஷம் எல்லாரும் பழையபடி முட்டிக்குவாங்க. சட்டத்த மாத்தணும். சபையக் கூட்டச் சொல்லு. இப்பவே."

"யாரு போய்க் கயித்துல நிக்கறது?"

"சட்டம் போட்டவன் நான்தானே."

நான் மாவுக் கையோடு எழுந்தேன். பிரயோன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சபையைக் கூட்டுகிற சாக்கில் நழுவிவிட்டார். நான் என்னவெல்லாம் கத்தினேன் என்று இங்கே சொல்லப்போவதில்லை. மலைப்பக்கத்தில் மினாசிப்பஸ் இருக்கிறார், எல்லை வழக்கில் அவருடைய பதினோரு ஆலிவ் மரம் போனது உங்களால்தான், மறந்துவிட்டதா என்று கேட்டேன். மறக்கவில்லையாம். கடற்கரைக்காரர்கள் எண்ணிக்கையில் அதிகமாம். அவர்கள் கை போதுமாம்.

"சரி. ஆனா சத்தியம் பண்ணுங்க" என்றேன். "மூணே வாக்கியம். அதுக்கு மேல ஒரு வார்த்த பேசக் கூடாது. நீங்க பேசப் பேச உங்க பக்கம் இருக்கறவனும் அந்தப் பக்கம் போயிருவான். இருபது வருஷமா கேட்டுட்டிருக்கேன், எனக்குத் தெரியும்."

ஹீரா தேவியின் பெயரில் சத்தியம் செய்தார். நான் மேலங்கியைச் சரிசெய்துவிட்டேன். கழுத்துப் பக்கம் என் கை நின்றுவிட்டது. அவர் அந்தக் கையை எடுத்து, அதில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டுப் போனார்.

பெண்களுக்குச் சபைக்குள் இடமில்லை. ஆனால் எங்கள் மாடி சபைத் திடலுக்கு நேர் மேலே இருக்கிறது. அங்கே போய் நின்றேன். கடற்கரைக்காரர்கள் நூற்றிருபது பேருக்குக் குறையாது. மலைக்காரர்கள் எழுபது இருக்கலாம். கயிற்றை மாட்டினார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே ஆரம்பித்தார்.

"ஊராரே, நான் போட்ட சட்டம் தப்பு. நட்சத்திரம் நேரத்துக்கு வரும், மீன் வராது, அதனால எப்ப கெளம்பணும்னு பாறை மேல நின்னு மீன் வரவு பாக்கற பார்வைக்காரன் சொல்லட்டும். படகுங்க மட்டும் சீட்டு வரிசையிலயே போகட்டும்."

அந்த நொடியில் பாறை மேலிருந்து பார்வைக்காரன் கூவினான். மீன் உள்ளே நுழைந்துவிட்டது.

கடற்கரைக்காரர்கள் எழுந்தார்கள். எழுந்து ஓடினார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. மூன்று வாக்கியமும் அவர்களுக்குப் பிடித்திருந்தது, நியாயமாகவும் இருந்தது, அதனால் நிறைவேறிவிட்டது என்றே நினைத்துவிட்டார்கள். பிறந்ததிலிருந்து அந்தக் கூவலுக்கு ஓடிப் பழகிய கால்கள் வேறு. பிரயோன் முன்னால் ஓட, நூற்றிருபது பேரும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு இறங்கிப்போனார்கள். திடலில் மிஞ்சியது எழுபது மலைக்காரர்களும், ஓட முடியாத மூன்று கிழவர்களும், கழுத்தில் கயிற்றோடு என் வீட்டுக்காரரும்தான்.

அங்கே இருப்பவர்களின் கை மட்டும்தான் கணக்கு. மினாசிப்பஸ் எழுந்து, தன் ஆட்களைப் பார்த்து நிதானமாகப் பேசினார். "பாத்தீங்களா? சட்டத்த மாத்தறதுக்கு முன்னாடியே மீறிட்டுப் போயிட்டாங்க. அவங்களுக்காகக் கழுத்த நீட்டின மனுஷனுக்கு ஒரு கை தூக்கறதுக்குக் கூட நிக்கல. அவங்களுக்கு இல்லாத அக்கறை நமக்கு எதுக்கு?" பலர் தலையாட்டினார்கள். அவர் பேச்சில் நியாயமும் இருந்தது.

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிற மனிதர், "சொல்லி முடித்தேன்" என்று சொல்லத்தான் திறக்கிறார் என்று தெரிந்துவிட்டது.

"பேசுங்க!" என்று மாடியிலிருந்து கத்தினேன். "நிறுத்தாதீங்க! பேசுங்க!"

மொத்தச் சபையும் நிமிர்ந்து பார்த்தது. அவரும் பார்த்தார். "மூணு வாக்கியம்தானே சொன்னே?" என்று கல்லின் மேல் நின்றுகொண்டே கேட்டார்.

"இப்ப முந்நூறு சொல்லுங்க! நான் வர்ற வரைக்கும் முடிக்காதீங்க!"

ஏன் என்று அவர் கேட்கவில்லை. எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் ஏன் என்று கேட்காமல் செய்த முதல் காரியம் அதுதான். பேசுகிறவரை யாரும் நிறுத்த முடியாது, அதுவும் வழக்கம்தான். கழுத்து அவருடையதாயிற்றே. நான் படியிறங்கும்போது அவர் குரல் கேட்டது: "இப்ப நான் சொன்ன யோசனைக்கு எதிரா என்னென்ன சொல்லலாம்னு முதல்ல பாப்போம்."

பாவி மனுஷா, அதற்கு ஆதரவாகப் பேசக் கூடாதா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே கடற்கரைக்கு ஓடினேன். செருப்பு எங்கே கழன்றதென்று இன்றுவரை தெரியாது.

முப்பது படகும் விரிகுடாவில் வட்டமாக நின்றிருந்தன. முட்டவில்லை, மோதவில்லை. சீட்டு வரிசையில், பெரிய வலையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, அழகாக நின்றிருந்தன. அவர் மட்டும் அதைப் பார்த்திருந்தால்! வட்டத்துக்குள் தண்ணீர் வெள்ளியாகக் கொதித்தது. இடுப்பளவு கடலில் இறங்கினேன். பிரயோனின் படகு கிட்டேதான் இருந்தது. வலையின் தலைக்கயிறு அவர் கையில் இருந்தது.

"அண்ணே! கை தூக்க ஆளில்ல! மலைக்காரங்க மட்டும்தான் இருக்காங்க! அவர் கழுத்துல இன்னும் கயிறு இருக்கு!"

பிரயோனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளிறிவிட்டது.

"முடிஞ்சிருச்சுன்னுல்ல நெனச்சோம்" என்றார். பக்கத்துப் படகிலிருந்து ஒருவன், "இழுத்துட்டுப் போயிருவோம்ணே, கொஞ்ச நேரம்தான்" என்று கத்தினான். கொஞ்ச நேரம் என்றால், அந்த வலையை இழுக்க மதியம் ஆகிவிடும். ஒரு படகு விலகினாலும் வட்டம் உடையும், மீன் போய்விடும். அது எனக்கும் தெரியும். முப்பது வீட்டின் ஒரு வருஷச் சாப்பாட்டை விடச் சொல்லித்தான் நான் நின்றுகொண்டிருந்தேன். என்னால் இன்னொரு முறை கேட்க முடியவில்லை. வாயை மூடிக்கொண்டு அழுதேன்.

பிரயோன் மீனைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். "போன வருஷம் தோவாஸ் தண்ணில விழுந்தப்பயும் இதே கயிறுதான் என் கைல இருந்துச்சு" என்றார், யாரிடம் என்று தெரியவில்லை. "மேல வந்துருவான்னு நெனச்சேன். விடல."

பிறகு விட்டுவிட்டார். கயிறு தண்ணீரில் விழுந்தது. ஒவ்வொரு படகாக விட்டார்கள். சிலர் என்னைத் திட்டிக்கொண்டு விட்டார்கள், ஒருவன் தலையில் அடித்துக்கொண்டு விட்டான், ஆனால் விட்டார்கள். கறுப்பாக ஒரு கூட்டம் என் காலை உரசிக்கொண்டு வெளிக்கடலுக்குப் போயிற்று.

நாங்கள் ஈரத்துணியோடு திடலுக்கு ஏறியபோது அவர் ஒன்பதாவது மறுப்பில் இருந்தார். குரல் கம்மிப்போயிருந்தது. மலைக்காரர்களில் பாதிப் பேர் எழுந்து நின்று அவரோடு வாதம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். "ஏழாவது செல்லாதுய்யா! பார்வைக்காரனுக்குக் கண்ணு மங்கிட்டா ரெண்டு பேரா நிறுத்தலாமே!" என்று ஒருவர் கத்தினார். கயிற்றின் இடது நுனியைப் பிடித்திருந்தவர், கையை ஆட்டிப் பேசுவதற்காகக் கயிற்றைக் கீழே போட்டுவிட்டிருந்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வழக்கத்தை மறந்து நான் சபைக்குள்ளேயே போய் நின்றேன், யாரும் தடுக்கவில்லை.

"முடிங்க" என்றேன்.

"சொல்லி முடித்தேன்" என்றார்.

ஈரக் கைகள் எழுந்தன. கடற்கரைக்காரர்கள் அத்தனை பேரும், மலைக்காரர்களில் நாற்பதுக்கு மேலும். மினாசிப்பஸ் கடைசி வரை தூக்கவில்லை. ஒரு மரத்தைக் கூட மறக்காத மனிதர் அவர். பிரயோன் கல்லின் மேல் ஏறி, தன் கையாலேயே சுருக்கைத் தளர்த்திக் கயிற்றைக் கழற்றினார்.

என் வீட்டுக்காரர் பிரயோனின் தோளுக்கு மேலாகக் கடலைப் பார்த்தார். படகுகளின் பக்கம் ஒரு செதிலின் பளபளப்பு கூட இல்லை. அவருக்கு எதுவுமே மெதுவாகத்தான் புரியும், ஆனால் முழுதாகப் புரியும்.

"மீன விட்டுட்டீங்களா? ஏன்யா? முப்பது குடும்பம், வருஷம் பூராவும் பசி. அந்தப் பக்கம் ஒரே ஒரு கழுத்து. அதுவும் தப்பு பண்ணினவன் கழுத்து. தராசுல நிறுத்துப் பாத்தா இது நியாயமே இல்லையே, பிரயோன்."

பிரயோன் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நிறுத்துப் பாத்தா நீ சொல்றதுதான் சரி" என்றார். "அதனாலதான் உன்னக் கேக்கல."

நான் என் வீட்டுக்காரர் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன்.